கொம்பு சுவிட்ச், வால் சுவிட்ச்

நான் பயந்தாங்கொள்ளி. இதை மறைத்து எழுத எனக்குத் தெம்பில்லை. வீட்டைப் பூட்டிவிட்டு லிஃப்ட் வரை போய், திரும்பி வந்து பூட்டை இழுத்துப் பார்ப்பவன். சிலிண்டரை மூடினோமா என்று புனேயின் விஷ்ராந்த்வாடி சிக்னலில் நின்று யோசித்து, பின்னால் நிற்பவர்களிடம் மராத்தியில் திட்டு வாங்குபவன். போதாக்குறைக்கு என் பிழைப்பும் அப்படி அமைந்துவிட்டது. வாகனக் காப்பீட்டு அலுவலகம் ஒன்றில் விபத்துக் கோப்புகளை வாசிப்பதுதான் என் வேலை. காலையில் நாற்காலியில் உட்கார்ந்தால் மாலை வரை யாரோ ஒருவருடைய வண்டி எங்கோ உருண்டுகொண்டே இருக்கும். 'ஓட்டுநர் கட்டுப்பாட்டை இழந்தார்' என்ற வரியை எத்தனை முறை வாசித்திருப்பேனோ, எனக்கே தெரியாது. வீட்டுக்கு வந்து சாம்பாரில் கை வைக்கும்போதும் அந்த வரி வந்து உட்காரும்.

என் மனைவி நேர் எதிர். அவள் மாட்டு டாக்டர். தொண்டு நிறுவனம் ஒன்றுக்காக, செவ்வாய்க்கிழமை தோறும் பான்ஷேத் அணைக்கு அப்பால் மலைமேல் இருக்கும் நான்கு வாடிகளுக்குப் போவாள். வாடி என்றால் பத்துப் பதினைந்து வீடு, அதைப் போல் இரண்டு மடங்கு மாடு. அவளே ஓட்டிக்கொண்டு போவாள். வெயில் காலத்தில் அது ஒரு பாதை. மழை இறங்கிவிட்டால் செம்மண்ணும் பாறையும் சேர்ந்து வழிகிற ஓடை. அந்த ஓடையில் என் மனைவி தனியாக ஏறுகிறாள் என்பதுதான் ஏழு வருடமாக என் செவ்வாய்க்கிழமை. அன்று அலுவலகத்தில் என்னிடம் கையெழுத்து வாங்க வருகிறவர்கள் முதலில் என் முகத்தைப் பார்த்துவிட்டு, நாளைக்கு வருகிறேன் என்று போய்விடுவார்கள்.

எங்கள் இருவருக்கும் தாய்மொழி தமிழ்தான். ஆனால் ஒரே தமிழ் அல்ல. நான் கோயம்புத்தூர்க்காரன், வேலைக்காகப் புனே வந்தவன். அவள் புனேயிலேயே, கட்கியில் பிறந்தவள். வேலூர்ப் பக்கமிருந்து வந்து, வெடிமருந்துத் தொழிற்சாலை வேலையிலேயே மூன்று தலைமுறை ஓட்டிய குடும்பம். தமிழை வீட்டிலும் சர்ச்சிலும் பேசுவார்கள். இடையில் எந்தச் சொல் கிடைக்காவிட்டாலும் கூச்சப்படாமல் இந்தியிலோ மராத்தியிலோ எடுத்துக்கொள்வார்கள். என்னை அவள் செல்லமாகக் கூப்பிடுவது 'டர்போக்' என்று. இந்தியில் பயந்தாங்கொள்ளி. தமிழில் சொன்னால் நான் வருத்தப்படுவேன் என்று நினைத்தாளோ என்னவோ.

கல்யாணமான புதிதில் ஒரு நாள் அவள் கட்கி ஸ்டேஷனில் இறங்க வேண்டியிருந்தது. கூப்பிட வருவேன் என்று சொல்ல நினைத்து, "நான் முன்னாடியே வந்து நிக்கறேன்" என்று போனில் சொன்னேன். ரயில் வருவதற்கு முன்பே வந்துவிடுவேன் என்பது என் அர்த்தம். பிளாட்பாரத்தில் கடைசி பெஞ்சில் வந்து உட்கார்ந்தும்விட்டேன். அவளோ ரயிலை விட்டு இறங்கி, நேராக ஸ்டேஷனுக்கு முன்பக்கம் போய் ஆட்டோக்காரர்கள் நடுவில் முக்கால் மணி நேரம் நின்றிருக்கிறாள். அவர்கள் வீட்டில் 'முன்னாடி' என்றால் இடம் மட்டும்தான். நேரத்தைச் சொல்ல இந்தியிலிருந்து 'பைலே'யை எடுத்துவிட்டார்கள். "பைலே சாப்டு, பாத்ல போ" என்பார் என் மாமியார், முதலில் சாப்பிடு, அப்புறம் போ என்று. அன்று இரண்டு பேரும் சிரித்தோம். பிறகு வருகிற விருந்தாளிகளுக்கெல்லாம் அந்தக் கதையைச் சொல்லிச் சிரிக்கவைத்தோம். சிரித்து முடித்ததும் அதை மறந்துவிட்டேன்.

போன வருடம் மழை தொடங்கிய முதல் செவ்வாய்க்கிழமை அவள் கூரை வரை சேறாக வண்டியைக் கொண்டுவந்து நிறுத்தினாள். ஒரு சக்கரம் பள்ளத்தில் அந்தரமாகத் தொங்கிவிட்டதாம். வாடிக்காரர்கள் எட்டுப் பேர் கயிறு போட்டு இழுத்தார்களாம். இதைச் சொல்லிவிட்டு அவள் இரண்டாவது தோசையைக் கேட்டாள். எனக்கு முதல் தோசையே இறங்கவில்லை.

நான்கு சக்கரமும் இழுக்கிற வண்டி எப்படி மாட்டும் என்று அன்றுதான் படிக்க ஆரம்பித்தேன். முன்சக்கரங்கள் இரண்டுக்கும் நடுவில் ஒன்று, பின்சக்கரங்கள் இரண்டுக்கும் நடுவில் ஒன்று என்று டிஃபரன்ஷியல் உட்கார்ந்திருக்கிறது. வளைவில் திரும்பும்போது வெளிப்பக்கச் சக்கரம் அதிக தூரம் ஓட வேண்டும், உள்பக்கச் சக்கரம் கொஞ்ச தூரம் ஓடினால் போதும். இரண்டையும் அதனதன் வேகத்தில் ஓடவிடுவது அதன் வேலை. தார் ரோட்டில் தங்கமான பிள்ளை. ஒரு சக்கரம் அந்தரத்தில் தொங்கினால்தான் அதற்குப் புத்தி கெட்டுவிடும். எந்தச் சக்கரத்துக்கு வேலையே இல்லையோ, சுற்றையெல்லாம் அதற்கே கொடுத்துவிடும். தரையில் நிற்கிற சக்கரம் சும்மா நிற்கும். எங்கள் அலுவலகமும் அப்படித்தான் நடக்கிறது என்பதால் எனக்குச் சட்டென்று புரிந்துவிட்டது.

இதற்கு மருந்து லாக்கர். டிஃபரன்ஷியலுக்குள் பொருத்தி, ஒரு சுவிட்சைத் தட்டினால் காற்றழுத்தத்தில் பூட்டிக்கொள்ளும். அப்புறம் இரண்டு சக்கரமும் சேர்ந்துதான் சுற்றும். ஒன்று தொங்கினாலும் மற்றது இழுத்துவிடும். வண்டியில் லாக்கர் வைக்கப்போகிறேன் என்று போனில் சொன்னபோது என் அம்மா, "வண்டிக்குள்ளயா? நகையெல்லாம் பேங்க்குலயே இருக்கட்டும்டா" என்றார்.

வைப்பது என்று முடிவாகிவிட்டது. முன்னாலா, பின்னாலா என்பதுதான் கேள்வி. இந்தக் கேள்வியோடு நான் மூன்று வாரம் குடித்தனம் நடத்தினேன். மேட்டில் ஏறும்போது வண்டியின் எடை பின்பக்கம் சாயும், பின்சக்கரங்கள்தான் தரையை அழுத்தும், அதனால் பின்னால் வைப்பதே நல்லது என்று ஒரு சாரார். பாறை தடுத்தால் முன்சக்கரங்கள்தான் பற்றி ஏற வேண்டும், அதனால் முன்னால்தான் என்று இன்னொரு சாரார். பின்லாக்கர் போட்டால் சரிவான ஈரத்தில் வண்டியின் பின்பக்கம் வழுக்கிக்கொண்டு போகுமாம். முன்லாக்கர் போட்டால் ஸ்டீரிங் திரும்பாதாம். ஒவ்வொன்றைப் படிக்கும்போதும் அந்தந்த ஆபத்தில் என் மனைவியை உட்காரவைத்துப் பார்த்தேன். பின்பக்கம் வழுக்கி ஒரு நாள் விழுந்தாள். ஸ்டீரிங் திரும்பாமல் ஒரு நாள் விழுந்தாள். கோப்பு வாசிக்கிறவனுக்குக் கற்பனைக்கா பஞ்சம்?

போசரியில் இந்த வேலை தெரிந்த மெக்கானிக் ஒருவர் இருந்தார். அதிகம் பேசாத மராத்திக்காரர். நாங்கள் இருவரும் வண்டியோடு போனோம். அவர் யோசிக்கவே இல்லை. பின்னால் ஒன்று போதும், மேடத்தின் பாதைக்கு அதற்கு மேல் தேவையில்லை என்றார். என் மனைவியும் சரி என்று தலையாட்டினாள். நான் மட்டும் மூன்று வார வாசிப்பையும் அவர் முன் கொட்டினேன்.

அவள் பொறுத்துப் பார்த்துவிட்டு, "இவ்ளோதானே. எருமைய மேட்ல ஏத்தணும்னா நாங்க என்ன பண்ணுவோம்?" என்றாள். "கொம்ப புடிச்சு இழுத்தா வரும். ஆனா தலைய திருப்ப முடியாது, நேராதான் போகும். பின்னாலேந்து வால முறுக்கித் தள்ளினா, தலைய அது இஷ்டத்துக்குத் திருப்பிக்கும், வழி பாத்து ஏறும். வால் லாக்கர் போதும். கொம்பு வேணாம்."

மூன்று வாரம் நான் படித்ததை அவள் மூன்று வரியில் சொல்லிவிட்டாள். அதை ஒப்புக்கொள்ள மனசு வரவில்லை. எனக்கு வேறு ஒரு பயம் தோன்றியிருந்தது. அவள் மலையிலிருந்து இறங்கும்போது பாதை உடைந்திருந்து, ரிவர்ஸிலேயே மேலே ஏற வேண்டி வந்தால்? அப்போது எடை முழுவதும் முன்சக்கரத்தில் அல்லவா இருக்கும்? பின்லாக்கர் என்ன செய்யும்?

"ரெண்டும் போட்டுரலாம்" என்றேன்.

மெக்கானிக் என் மனைவியைப் பார்த்தார். அவள் "டர்போக்" என்று என்னைப் பார்த்துச் சொல்லிவிட்டு டீ குடிக்கப் போய்விட்டாள். அவர் இன்னொன்று கேட்டார். சாதாரணமாக, பின்சுவிட்ச் போட்டிருந்தால்தான் முன்சுவிட்ச் வேலை செய்யும்படி வயர் இழுப்பாராம். அப்படியே செய்யட்டுமா? வேண்டாம், தனித்தனியாக வையுங்கள், ஒன்று கெட்டாலும் மற்றது வேலை செய்ய வேண்டும் என்றேன். அது எனக்கு மிகவும் சாமர்த்தியமான பதிலாகத் தோன்றியது.

வண்டியை எடுக்கப் போன அன்று, டாஷ்போர்டில் பக்கத்தில் பக்கத்தில் இருந்த இரண்டு சுவிட்சுகளையும் காட்டி, அவர் விரலை ஆட்டி ஆட்டிச் சொன்னார். "ஆதீ மாக்சா. மக் புட்சா." முதலில் பின்னுள்ளது, அப்புறம்தான் முன்னுள்ளது. திருப்பத்தில் முன்னுள்ளதைத் தொடவே கூடாது. இன்னொன்றும் சொன்னார். சக்கரம் வழுக்க ஆரம்பித்த பிறகு போடாதீர்கள், ஏறுவதற்கு முன்பே போட்டுவிட வேண்டும். அதற்கும் அவர் 'ஆதீ' என்றுதான் சொன்னார். மராத்திக்காரருக்கு நேரத்துக்கு ஒரு சொல், இடத்துக்கு வேறு சொல். அவர் பிழைத்தார்.

அடுத்த செவ்வாய்க்கிழமை நான் விடுப்பு எடுத்துக்கொண்டு அவளோடு கிளம்பினேன். பார்க்காமல் இருந்தால்தான் பயம் அதிகம் என்று நினைத்தேன். சிங்கட் ரோட்டைத் தாண்டும்வரை தூறல். அணையைச் சுற்றி வரும்போது வைப்பருக்கு எட்டாத மழை. மேல் வாடியில் ஒரு எருமைக்குக் கன்று பாதியில் நிற்கிறது என்று போன் வந்தது. அதன் பிறகு அவள் என்னோடு பேசவில்லை. ரோட்டோடு மட்டும் பேசினாள்.

தார் ரோடு முடிந்து மண் பாதை. முதல் இரண்டு மேடு ஒன்றும் செய்யவில்லை. மூன்றாவது மேட்டின் அடியில் வண்டியை நிறுத்தினாள். நேராக ஐம்பது அறுபது அடி ஏற்றம், கீழ்ப்பாதி வழுக்குப் பாறை, மேல்பாதி செம்மண். உச்சியில் பாதை சட்டென்று இடதுபக்கம் திரும்புகிறது. திருப்பத்தில் வலதுபக்கம் ஒன்றுமில்லை. நிஜமாகவே ஒன்றுமில்லை. மழையும், கீழே எங்கோ ஓடைச் சத்தமும்தான். அவள் உட்கார்ந்திருப்பதும் வலதுபக்கம்.

"நீங்க பைலே ஏறி மேல திருப்பத்துல நில்லுங்க. வெளிப்பக்க சக்கரம் எங்க இருக்குன்னு எனக்கு இங்கேந்து தெரியாது. பாத்து சொல்லுங்க" என்றாள்.

ஏறினேன். இரண்டு இடத்தில் கையை ஊன்றித்தான் ஏறினேன். திருப்பத்தின் உள்பக்கமாக, மண் சுவரில் முதுகை ஒட்டிக்கொண்டு நின்றேன். கீழே வண்டி சின்னதாகத் தெரிந்தது. வைப்பர் ஆடும்போதெல்லாம் அவள் முகம் வந்து வந்து போனது. எஞ்சின் சத்தம் ஏறியது. வண்டி பாறையில் மூக்கை வைத்தது. இடது பின்சக்கரம் ஒரு தடவை வழுக்கிச் சுற்றுவதைப் பார்த்தேன். வலது பின்சக்கரம் சும்மா நின்றது. ஐயோ, இவள் லாக்கரே போடவில்லை.

போசரிக்காரரின் விரல் ஞாபகத்துக்கு வந்தது. வழுக்குவதற்கு முன்பே போட வேண்டும். நான் இரண்டு கையையும் வாயில் குவித்துக் கத்தினேன். பயம் வந்தால் எனக்கு இந்தியும் வராது, மராத்தியும் வராது. எங்கள் ஊர்த் தமிழ் மட்டும்தான் வரும்.

"முன்னாடியே போட்ரு! நிறுத்தி, முன்னாடியே போட்ரு!"

வண்டி நின்றது. அவள் கண்ணாடியை இறக்கித் தலையை நீட்டினாள். மழையில் கண்ணைச் சுருக்கிக்கொண்டு என்னையே பார்த்தாள். ஏன் இவ்வளவு நேரம் பார்க்கிறாள் என்று எனக்குக் கோபம்கூட வந்தது.

"முன்னாடியே!" என்று மறுபடி கத்தினேன்.

கட்டைவிரலை உயர்த்திக் காட்டிவிட்டுத் தலையை உள்ளே இழுத்துக்கொண்டாள்.

வண்டி ஏறியது. முன்சக்கரங்கள் இரண்டும் பாறையைப் பிராண்டிப் பிராண்டி அதை மேலே இழுத்தன. கொடுத்த காசுக்கு வேலை செய்கிறது என்று ஒரு கணம் நிம்மதிகூடப் பட்டேன். பாறை முடிந்து செம்மண் வந்தது. திருப்பம் வந்தது. அவள் ஸ்டீரிங்கை இடதுபக்கம் ஒடிப்பது தெரிந்தது. முன்சக்கரங்கள் இடதுபக்கம் திரும்பின. வண்டி திரும்பவில்லை.

அதை எப்படிச் சொல்வதென்று தெரியவில்லை. சக்கரம் என்னைப் பார்த்துத் திரும்பியிருக்கிறது. வண்டியோ நேராகப் போய்க்கொண்டிருக்கிறது. அந்த ஒன்றுமில்லாத பக்கம். திரும்பிய சக்கரங்கள் சேற்றைத் தள்ளிக்கொண்டு சறுக்கின. அவள் ஸ்டீரிங்கோடு மல்லுக்கட்டுகிறாள். அவள் தோள் ஏறி இறங்குவதை நான் பார்த்தேன். நான் நூற்றுக்கணக்கில் வாசித்த அந்த வரி, என் கண் முன்னால் ஒவ்வொரு எழுத்தாக நடந்துகொண்டிருந்தது.

அவள் பிரேக்கை மிதித்தாள். வண்டி ஒரு முழம் வழுக்கி நின்றது.

வலது முன்சக்கரத்தில் பாதி விளிம்புக்கு வெளியே இருந்தது. அதன் கீழிருந்து மண் கட்டி கட்டியாகப் பெயர்ந்து விழுந்தது. விழுந்த சத்தம் வர நேரம் பிடித்தது. அவள் பக்கக் கதவைத் திறந்தால் காலை வைக்க இடமில்லை. இந்தப் பக்கக் கதவு வழியாக வரச் சொல்லலாம். அதற்கு அவள் பிரேக்கிலிருந்து காலை எடுக்க வேண்டும். பிரேக் ஒன்றுதான் வண்டியைப் பிடித்துக்கொண்டிருக்கிறதா, கைபிரேக் இந்தச் சேற்றில் தாங்குமா, எனக்குத் தெரியாது. ஏழு வருடம் விபத்து வாசித்தவனுக்கு அது தெரியவில்லை.

வண்டியின் இடதுபக்கமாக இறங்கிப் போனேன். மூடியிருந்த இடது ஜன்னல் வழியாக டாஷ்போர்டு தெரிந்தது. இரண்டு சுவிட்சில் ஒன்றில் மட்டும் விளக்கு எரிந்துகொண்டிருந்தது. முன்சுவிட்ச். பின்சுவிட்ச் இருட்டாக இருந்தது.

அப்போதுதான் எனக்கு விளங்கியது. கட்கி ஸ்டேஷனின் முன்பக்கம் ஆட்டோக்காரர்கள் நடுவில் நின்ற பெண்ணிடம் நான் என்ன சொல்லியிருக்கிறேன் என்று விளங்கியது.

இனி என்ன சொல்வது? அதை அணைக்க வேண்டும், பின்னால் உள்ளதைப் போட வேண்டும். "பின்னாடி போடு" என்று சொல்ல வாயெடுத்தேன், அப்படியே நின்றுவிட்டேன். அதுவும் அதே மாதிரிச் சொல்தான். எனக்குப் 'பின்னாடி' என்றால் அப்புறம் என்றும் அர்த்தம். அவளுக்கு என்ன அர்த்தம்? இந்த நிமிஷத்தில், நான் ஒரு தடவை தவறாகச் சொல்லிவிட்ட பிறகு, அவள் அதை எப்படி எடுத்துக்கொள்வாள்? பிறந்ததிலிருந்து பேசுகிற மொழியில் ஒரு சொல்லைச் சொல்ல எனக்குப் பயமாக இருந்தது. அப்படி ஒரு பயம் இருக்கிறது என்பதே அதுவரை எனக்குத் தெரியாது.

இன்னொன்றும் இருந்தது. ஸ்டீரிங் இன்னும் முழுக்க இடதுபக்கம் ஒடிந்திருந்தது. அப்படியே ரிவர்ஸ் எடுத்தால் வண்டியின் மூக்கு வலதுபக்கம் வீசும். வலதுபக்கம் ஒன்றுமில்லை.

அவள் என்னைத் திரும்பிப் பார்த்தாள். உதட்டில் ரத்தமே இல்லை. ஏழு வருடத்தில் அவள் முகத்தில் பயத்தைப் பார்த்தது அன்றுதான். நான் ஜன்னலைத் தட்டினேன். அவள் கண்ணாடியை இறக்கினாள்.

"கொம்ப விடு" என்றேன்.

ஒரு நொடி அவளுக்குப் புரியவில்லை. அப்புறம் கை சுவிட்சுக்குப் போனது. விளக்கு அணைந்தது.

"தலைய நேரா வை. முழுசா நேரா."

ஸ்டீரிங்கைத் திருப்பினாள். அது முரண்டு பிடித்தது. சுவிட்சை அணைத்தாலும் சக்கரம் கொஞ்சம் உருண்டால்தான் உள்ளே பூட்டு விடுபடும் என்று நான் படித்திருந்தேன். அதை அவளிடம் சொல்லவில்லை. இரண்டு கையாலும் இழுத்து நேராக வைத்தாள்.

"இப்ப வால புடி."

இரண்டாவது சுவிட்சில் விளக்கு எரிந்தது.

"ரிவர்ஸ். மெதுவா. நேரா. நான் சொல்ற வரைக்கும் தலைய ஆட்டாதே."

வண்டி ஒரு விரல் அளவு அசைந்தது. விளிம்பில் ஒரு பெரிய மண்கட்டி பெயர்ந்து போனது. அவள் நிறுத்தவில்லை. இன்னும் ஒரு விரல். அடியில் எங்கோ 'டக்' என்று ஒரு சத்தம். அவள் கையில் ஸ்டீரிங் சட்டென்று இளகியதை நானே பார்த்தேன். சக்கரம் முழுதாக மண்ணுக்கு வந்தது. வண்டி நேராக, பின்னோக்கி, பாறை வழியாக அடிவாரம் வரை இறங்கியது. நான் அங்கேயே சேற்றில் உட்கார்ந்துவிட்டேன். ஊரில் இருக்கும் எல்லாச் சாமியையும் கூப்பிட்டேன், அவளுடைய கர்த்தரையும் விட்டுவைக்கவில்லை.

வீட்டுக்குத் திரும்பிப் போகலாம் என்று நான் கெஞ்சியது இங்கே எழுத வேண்டிய அளவுக்கு முக்கியமில்லை. "மேல ஒரு எருமை கஷ்டப்பட்டுக்கிட்டிருக்கு" என்று மட்டும் சொன்னாள். அடியிலேயே நிறுத்தி வால் சுவிட்சை மட்டும் போட்டுக்கொண்டு மறுபடி ஏறினாள். திருப்பத்தில் ஸ்டீரிங்கை இடதுபக்கம் சுற்றினாள், வண்டி தலையைத் திருப்பிக்கொண்டு போயே போய்விட்டது. அவ்வளவுதான். அந்த மேட்டுக்கு அவ்வளவுதான் தேவைப்பட்டிருக்கிறது. எருமையும் கன்றும் பிழைத்தன.

அந்தச் சனிக்கிழமை போசரிக்குப் போனோம். முன்சுவிட்சைப் பிடுங்கி எறியச் சொன்னேன். ஏன் என்று மெக்கானிக் கேட்டார். நடந்ததைச் சொன்னேன். எங்கள் மொழியில் ஒரே சொல்லுக்கு இரண்டு அர்த்தம் உண்டு, நான் ஒன்றைச் சொன்னேன், மேடம் வேறொன்றைக் கேட்டுவிட்டார் என்று என் ஓட்டை இந்தியில் விளக்கினேன். பாவம் மேடத்தின் மேல் தப்பில்லை என்றும் பெருந்தன்மையாகச் சேர்த்துக்கொண்டேன். ஒரே ஒரு சுவிட்ச் இருந்திருந்தால் எந்த அர்த்தத்தில் எடுத்திருந்தாலும் அவள் கை சரியான இடத்துக்குத்தான் போயிருக்கும். இரண்டாவது சுவிட்சை வைக்கச் சொன்னது யார் என்று மட்டும் அவர் கேட்கவில்லை. குனிந்து வயரைக் கழற்ற ஆரம்பித்தார்.

என் மனைவி வண்டியில் சாய்ந்து நின்றுகொண்டிருந்தாள். அவருக்குப் புரியக் கூடாது என்றோ என்னவோ, தமிழில் சொன்னாள்.

"ஒண்ணு சொல்லட்டா? எனக்கு முன்னாடின்னு கேட்டப்பவே அது தப்புன்னு தெரியும்."

"என்னது?"

"திருப்பத்துல கொம்ப தொடக் கூடாதுன்னு இவர் சொன்னாரே. எனக்கு ஞாபகம் இருந்துச்சு. அதுக்குதான் தலைய நீட்டி உங்களையே பாத்தேன்."

"அப்புறம் ஏன் போட்ட?"

பக்கத்துப் பட்டறையில் யாரோ தகரத்தை அடித்துக்கொண்டிருந்தார்கள். அது நிற்கும் வரை காத்திருந்தாள்.

"நீங்க அவ்ளோ பயந்து கத்தினீங்க. எப்பவும் பயப்படுவீங்க, ஆனா அப்டி கத்தி நான் பாத்ததில்ல. மேல நிக்கறாரு, எனக்குத் தெரியாதது ஏதோ அவருக்குத் தெரியுதுன்னு நெனச்சேன். அதான் போட்டேன்."

அவள் காதில் விழுந்தது தவறான சொல் என்று நான்கு நாளாக என்னைத் தேற்றிக்கொண்டிருந்தேன். அவளுக்கு வழி தெரிந்திருந்தது. தெரிந்த வழியை விட்டுவிட்டு என் பயத்தை நம்பி விளிம்பு வரை வந்திருக்கிறாள். ஏழு வருடமாக என் பயத்தைக் கேலி செய்துகொண்டிருக்கிறாள் என்று நினைத்திருந்தேன். அதை அவள் ஒரு ஓரத்தில் நம்பிக்கொண்டும் இருந்திருக்கிறாள். அது எனக்குத் தெரியாமலே போயிருக்கிறது.

மெக்கானிக் சுவிட்சைக் கழற்றி என் கையில் கொடுத்தார். டாஷ்போர்டில் கட்டைவிரல் நுழையும் அளவுக்கு ஒரு ஓட்டை மிச்சமிருந்தது. அதை அடைக்க ஒரு மூடி இருக்கிறது, போடட்டுமா என்றார். அப்படியே இருக்கட்டும் என்றாள் அவள்.

அடுத்த செவ்வாய்க்கிழமையும் மழை. கீழே பார்க்கிங் வரை அவளோடு இறங்கி வந்தேன். வழக்கமாக அந்த இடத்தில் நான் சொல்கிற விஷயங்கள் பத்துக்குக் குறையாது. டயரில் காற்று, போனில் சார்ஜ், ஓடையில் தண்ணீர், இருட்டுவதற்குள் திரும்புவது. எல்லாம் தொண்டை வரை வந்தன. ஒன்றையும் சொல்லவில்லை. அவள் வண்டியைக் கிளப்பிவிட்டுக் கொஞ்ச நேரம் காத்திருந்தாள். பிறகு கண்ணாடியை இறக்கினாள்.

"என்ன, இன்னிக்கு ஒண்ணும் சொல்லலியா?"

"இல்ல."

"டர் லக்தா?" என்றாள். பயமா இருக்கா என்று.

"இருக்கு" என்றேன்.

அவள் ஸ்டீரிங்கைப் பார்த்தாள். அதை இடதுபக்கம் கொஞ்சம், வலதுபக்கம் கொஞ்சம் ஆட்டிப் பார்த்தாள். அது தாராளமாகத் திரும்பியது.

"எனக்கும்" என்றாள். தமிழில்தான் சொன்னாள். கண்ணாடியை ஏற்றிக்கொண்டு, கேட்டைத் தாண்டி மழைக்குள் போனாள்.